மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்கள்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டில் குடியிருப்பவள் நான். தனித்து வாழும் தேனீக்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையில் பதில் தருகிறேன்.

அஸ்தம்பட்டி வாசகி: டீச்சர், எங்கள் வீட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் பென்சில் நுழையும் அளவுக்கு ஏராளமான துளைகள். சின்னச் சின்னத் தேனீக்கள் உள்ளே போய் வருகின்றன. கூட்டமாகக் கொட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள் அம்மா. மண்ணெண்ணெய், பினாயில், எறும்புப் பொடி எதுவும் வேண்டாம். நீங்கள் பார்ப்பது ஒரு கூட்டம் அல்ல. வரிசை வீடுகள் உள்ள ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையும் ஒரு பெண் தேனீ தானே தோண்டிய தனி வீடு. அங்கே ராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை.

அவள் முதலில் கீழ்நோக்கி ஒரு சுரங்கம் தோண்டுகிறாள். பிறகு பக்கவாட்டில் சிறு அறைகள் அமைக்கிறாள். பல இனங்களில் வயிற்றுச் சுரப்பியிலிருந்து வரும் மெழுகு போன்ற பொருளை அறையின் உட்சுவர் முழுவதும் பூசுகிறாள். மண்ணின் ஈரம் உள்ளே வராது, உணவும் பூஞ்சை பிடிக்காது. மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருண்டையாக வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு அறையை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எதை இடுவது என்பது அவள் கையில் இருக்கிறது. பெரும்பாலான இனங்களில் பிள்ளைகள் வெளியே வரும்போது தாய் உயிரோடு இருப்பதில்லை. உருண்டையைத் தின்று தீர்த்த புழு, தன் பருவம் வரும்வரை மண்ணுக்குள்ளேயே அசையாமல் காத்திருக்கிறது. பொதுவாக ஆண்கள் முதலில் வெளியே வந்து, பெண்கள் வரும் இடத்தைச் சுற்றித் தாழப் பறந்துகொண்டிருக்கும். உங்களைப் பயமுறுத்துவது பெரும்பாலும் அந்த ஆண்கள்தான். அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் காத்து நிற்க தேன் சேமிப்பு இல்லாததால், கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

ஓமலூர் வாசகர்: இவை கொட்டுமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆத்தூர் வாசகர்: எங்கள் தோட்டத்தில் மண் பொந்திலிருந்து பெரிய பூச்சிகள் கூட்டமாக வந்து மாமனாரைக் கொட்டிவிட்டன. இதுவும் உங்கள் தேனீதானா?

இல்லை, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கதண்டு என்கிற பெரிய குளவியாக இருக்கும். ஒரே பொந்தில் பல பூச்சிகள் ஓயாமல் போய் வந்தால் விலகி நில்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், நீங்களே தீ வைக்கப் போகாதீர்கள். மாமனாருக்கு மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மேச்சேரி விவசாயி: கத்தரிப் பூவைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தேனீ ‘விர்ர்’ என்று சத்தம் போடுகிறது. வயிற்றில் நீலப் பட்டைகள். பூவைக் கெடுக்கிறதா?

நல்ல கேள்வி ஐயா. அது நீலப்பட்டைத் தேனீ, தரையிலும் மண் சுவரிலும் கூடு கட்டும். கத்தரியின் மகரந்தப்பை வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும்தான் உண்டு. இந்தத் தேனீ பையைக் கவ்விப் பிடித்து, இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியாகக் கொட்டுகிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிறீர்களே, அந்த ஆவாரம்பூவுக்கும் இதே அமைப்புதான். சத்தம் கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

வாழப்பாடி தேன்பெட்டிக்காரர்: டீச்சர், நான் பல வருடமாகப் பெட்டி வைத்திருக்கிறேன். நாலு பெட்டி வைத்தால் எல்லாப் பூவும் காய்க்கும். இந்தப் பூச்சிக்கு எதற்கு இத்தனை பேச்சு? என் தேனீ கத்தரிப் பூவில் உட்கார்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

உட்காரும் ஐயா, அதிரவைக்காது. பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது. இதழில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

அவரே: தக்காளி காற்றிலேயே காய்க்கிறதே!

காய்க்கிறது, திறந்த வயலில். காற்றில்லாத பசுமைக்குடிலில் என்ன செய்வீர்கள்? ஐரோப்பாவில் அதற்காகவே பெரிய முடித்தேனீக்களை (பம்பிள்பீ) வளர்த்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அவற்றுக்கு அனுமதியில்லை. அதனால் அங்கே ஆய்வாளர்கள் நீலப்பட்டைத் தேனீயைக் குடிலுக்குள் விட்டுச் சோதித்தார்கள். பெட்டித் தேனீயால் முடிகிற வேலை என்றால் இந்தப் பாடு எதற்கு?

நாகலூர் காப்பித் தோட்டக்காரர்: நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் அரபிகா தானே காய்க்கும் என்கிறார்கள். எனக்கு எந்தத் தேனீயும் தேவையில்லையே?

தானே காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் கூடுதலாகக் காய்க்கும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மலைக்காப்பித் தோட்டங்களில் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. பூவுக்கு வரும் தேனீ இனங்கள் மூன்றாக இருந்த தோட்டத்தில் சுமார் 60 சதவீதப் பூக்கள் பிஞ்சாயின. இருபது இனங்கள் வந்த தோட்டத்தில் சுமார் 90 சதவீதம். காப்பிப் பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அதற்குள் யார் வருகிறார்கள் என்பதுதான் கணக்கு.

வாழப்பாடிக்காரர் மீண்டும்: அப்படியானால் பெட்டிகளை எடுத்துவிடச் சொல்கிறீர்களா?

எங்கே சொன்னேன்? காப்பி பூக்கும்போது பெட்டியில் வளரும் அடுக்குத்தேனீ செய்யும் வேலையை நான் குறை சொல்லவில்லை. பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் மண் தேனீ கூடு கட்டும் வரப்பைக் கொத்திப் போடாதீர்கள் என்கிறேன். நீங்கள் கோபத்தில் கேட்டதால் நான்கு பேருக்குப் பயன்பட்டது.

ஏற்காடு பூந்தோட்டக்காரர்: களை வராமல் தரை முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறேன். தேனீ குறைந்துவிட்டதே?

கதவைச் சாத்திவிட்டு விருந்தாளி வரவில்லை என்கிறீர்கள். உலகில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு, பெரும்பாலானவை மண்ணில்தான் கூடு கட்டுகின்றன. வெயில் படுகிற, நீர் தேங்காத ஒரு சரிவை வெறும் மண்ணாக விட்டுவையுங்கள். அங்கே கொத்தவும் வேண்டாம், சிமெண்ட் பூசவும் வேண்டாம். வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி மருந்தையும் நிறுத்துங்கள். கனடாவில் பூசணித் தோட்டத்து மண் தேனீக்களைச் சோதித்தபோது, அதை மண்ணில் ஊற்றிய இடத்தில் கூடுகள் 85 சதவீதம் குறைந்தன. பூவில் தெளிப்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மண்ணில் ஊற்றுவதை யாரும் பார்ப்பதில்லை.

கொண்டலாம்பட்டி வாசகர்: கொட்டுமா டீச்சர்?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சேலம் கல்லூரி மாணவி: கறுப்பு உடம்பில் பளிச்சென்று நீலப் புள்ளிகள் கொண்ட ஒரு தேனீ, நீலப்பட்டைத் தேனீயின் துளைகளில் நுழைந்து பார்க்கிறது. மகரந்தம் எதுவும் சுமக்கவில்லை.

கண்ணும் கவனமும் உங்களுக்கு நன்றாக இருக்கின்றன. அது ஒரு குயில் தேனீ. தோண்டாது, சேகரிக்காது, வீட்டுக்காரி வெளியே போன நேரத்தில் அவளுடைய அறையில் முட்டையிட்டுவிடும். அதன் புழு வீட்டுக்காரியின் குஞ்சைத் தீர்த்துவிட்டு மகரந்த உருண்டையைத் தின்று வளரும். பாவம் என்று அடித்துவிடாதீர்கள். நீலப்பட்டைத் தேனீ அங்கே போதுமான அளவு இருப்பதால்தான் இதுவும் பிழைக்கிறது. மாலையில் செடித் தண்டுகளையும் பாருங்கள். நீலப்பட்டையின் ஆண்கள் தாடையால் காம்பைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும்.

வேறொருவர்: வீட்டு உத்தரத்தில் பெரிய கறுப்பு வண்டு துளையிடுகிறது.

அது மரத்தேனீ, மண்ணில் அல்ல. வேறொரு நாள்.

எடப்பாடி வாசகர்: இந்த மண் தேனீயிடம் ஒரு கூட்டுக்கு எவ்வளவு தேன் எடுக்கலாம்? விலை என்ன?

ஒரு சொட்டும் எடுக்க முடியாது. தேன் வேண்டுமென்றால் வாழப்பாடிக்காரரைக் கேளுங்கள்.