பழைய ரிவெர்ப் பெடலைக் குறைகளோடு விற்கலாமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய பாஸ் ஆர்வி-6 ரிவெர்ப் பெடல் (கிட்டாரின் ஒலி பெரிய கூடத்தில் எதிரொலிப்பதுபோல் கேட்கச் செய்யும், காலால் இயக்கும் கருவி) ஒன்று என்னிடம் உள்ளது. இப்போது அக்கூஸ்டிக் கிட்டார் மட்டுமே வாசிப்பதால் அதை விற்க நினைக்கிறேன். அட்டைப்பெட்டி தொலைந்துவிட்டது, மூலையில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, அடாப்டரில் இயக்கினால் லேசான இரைச்சல் வருகிறது. இவற்றையெல்லாம் சொன்னால் விலை போகாது என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?
– கோவை வாசகர்

பதில்: எல்லாவற்றையும் சொல்லியே விற்றுவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய பழைய பெடல் ஒன்றின் குமிழைத் திருகியபோதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது. மின்தொடர்புகளைத் துப்புரவு செய்யும் ஸ்பிரேயால் பத்தே நிமிடத்தில் அது சரியாகிவிட்டது. விற்றவர் முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் அதே விலையைக் கொடுத்திருப்பேன். மறைத்ததால் அவரிடம் மீண்டும் எதையும் வாங்கவில்லை.

இரைச்சலுக்குப் பெடல்தான் காரணமா என்பதை முதலில் பாருங்கள். அடாப்டரைக் கழற்றிவிட்டு, புதிய 9 வோல்ட் பேட்டரியைப் போட்டு வாசித்துப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர்தான். பல பெடல்களுக்கு ஒரே மின்வடத்திலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். டிஜிட்டல் ரிவெர்ப் மின்சாரத்தை வேகமாகக் குடிக்கும் என்பதால் பேட்டரியைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கூரியரில் அனுப்புவதற்கு முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். மையமுனை நெகட்டிவாக உள்ள 9 வோல்ட் அடாப்டரே இதற்கு வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

ரிவெர்ப் பெடலின் தரம் ஸ்வரம் ஒலிக்கும்போது தெரிவதைவிட, அது அடங்கும் விதத்தில்தான் அதிகம் தெரியும். எனவே ஒரு சிறு வீடியோ எடுங்கள். முதலில் பெடலை அணைத்து ஒரு கார்டை (பல ஸ்வரங்களின் சேர்க்கையை) மீட்டுங்கள். பிறகு பெடலை இயக்கி அதே கார்டை மீட்டி, ஒலி முழுவதும் கரைந்து மௌனமாகும் வரை கம்பிகளைத் தொடாமல் காத்திருங்கள். ஸ்பிரிங், ஹால், பிளேட், ஷிம்மர் முதலான எட்டு ரிவெர்ப் வகைகளையும் இப்படியே காட்டி, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குமிழ்களையும் மெல்லத் திருகிக் காட்டுங்கள். கைபேசியின் மைக் மெல்லிய ஒலியை இரைச்சலென்று எண்ணி வெட்டிவிடக்கூடும் என்பதால், ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை நேரடியாகக் கணினிக்கு அனுப்பும் கருவி) வழியாகப் பதிவு செய்ய முடிந்தால் அதையே செய்யுங்கள். ஸ்டீரியோவாக வாசிப்பவர் கட்டாயம் கேட்பார் என்பதால், இரண்டு அவுட்புட்களும் வேலை செய்கின்றன என்பதும் அதில் தெரியட்டும்.

பெயின்ட் உதிர்ந்த இடத்தை அருகிலிருந்து படம் எடுங்கள், மேலே பூசி மறைக்காதீர்கள். பெட்டி இல்லாததால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். விலையைப் பொறுத்தவரை, புதியதன் இன்றைய கடை விலையில் பாதிக்குச் சற்று மேலே கேட்பது நியாயம் என்பது என் கருத்து; நீங்கள் அன்று கொடுத்த தொகையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கூடுமானவரை நேரில் சந்தித்து, வாங்குபவர் தம் கிட்டாரிலேயே வாசித்துப் பார்த்த பிறகு பெடலைக் கொடுங்கள். பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது கியூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் உடனே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை உள்ளிட வேண்டிய தேவையே இல்லை.