எங்கள் ஊர் நிலத்தில் அவர்கள் போட்ட கோடு

கேள்வி: பெருநகரின் ஓரத்தில் இருக்கும் சிறிய நகராட்சி ஒன்றில் நான் மன்ற உறுப்பினர். பெருநகரத் திட்டக் குழுமம் வெளியிட்ட வரைவுத் திட்டத்தில், எங்கள் எல்லைக்குள் இருக்கும் தாழ்வான நிலம் முழுவதையும் வெள்ளநீர் தேங்கும் பகுதி என்று ஒதுக்கிவிட்டார்கள். அங்கேதான் ஒரு வணிக வளாகம் வரும், வரி வருமானம் உயரும் என்று நம்பியிருந்தோம். எங்கள் ஊர் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா? ஆட்சேபணை மனுவில் என்ன எழுதலாம்?

பதில்: உரிமை இருக்கிறது. ஆனால் மனுவை அதிலிருந்து தொடங்கினால் தோற்பீர்கள் என்றே நினைக்கிறேன். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கினால், அங்கே நிற்க வேண்டிய வெள்ளம் கீழே இருக்கும் ஊருக்குள் போகும். வரி உங்களுக்கு வரும், வீட்டுக்குள் தண்ணீர் பக்கத்து ஊர்க்காரருக்கு வரும். அவருக்கு உங்கள் மன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஊர்களுக்கு மேலே ஒரு குழுமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணமே இதுதான்.

சரி, அப்படியானால் சும்மா இருந்துவிடுவதா? வேண்டாம். உங்கள் கேள்வியில் நிலத்தைவிட வரிதான் பெரிய விஷயமாக எனக்குப் படுகிறது. மனுவும் அதைத்தான் கேட்க வேண்டும்.

இதே சிக்கலை அமெரிக்காவின் மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதி முன்பே சந்தித்தது. அங்கே புறநகர்களில் செப்டிக் டேங்க் கழிவு குடிநீர்க் கிணறுகளில் கலந்தது. தனித்தனி ஊராட்சிகளால் அதைத் தீர்க்க முடியாமல் போனது, 1967-இல் ஏழு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரு பெருநகரக் கவுன்சில் உருவாக முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆனால் கவுன்சில் வந்த பிறகும், வரி தரும் கடைகளையும் ஆலைகளையும் தன் பக்கம் இழுக்கும் போட்டி ஊர்களுக்குள் ஓயவில்லை. 1971-இல் மாநிலச் சட்டமன்றம் இதற்கு வழி கண்டது. வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படை, அதாவது வரி கணக்கிடப்படும் மொத்த மதிப்பு, அந்த ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு வளர்கிறதோ, அதில் 40 சதவீதத்தை ஒவ்வொரு ஊரும் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். மக்கள்தொகையையும் தலைக்குச் சொத்து மதிப்பு எவ்வளவு என்பதையும் பார்த்து அந்தத் தொகுப்பு ஊர்களுக்குத் திரும்பப் பிரிக்கப்படும். மீதி 60 சதவீதம் அந்தந்த ஊருக்கே. வழக்கு நடந்து, 1975-இல்தான் இது நடைமுறைக்கு வந்தது, இன்றும் நடக்கிறது. வளாகம் பக்கத்து ஊரில் வந்தாலும் இந்த ஊருக்கு ஒரு பங்கு உண்டு என்றால், பள்ளத்தை மேடாக்கும் அவசரம் பாதியாகக் குறையும்.

ஆகவே மனுவின் மையம் இப்படி இருக்கட்டும்: எங்கள் நிலம் மொத்தப் பெருநகரத்தின் வெள்ளத்தைத் தாங்குகிறது, அதனால் நாங்கள் இழக்கும் வருமானத்தில் மொத்தப் பெருநகரமும் பங்கேற்க வேண்டும். வரிப் பகிர்வுக்குப் புதிய சட்டம் தேவைப்படலாம், அது இந்த மனுவோடு கிடைத்துவிடாது. வடிகால், சாலை, பூங்காச் செலவைக் குழுமம் ஏற்க வேண்டும் என்பதை இப்போதே கேட்கலாம்.

அப்புறம் வரைபடம். எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்துக் கோடு போட்டார்கள், தரைமட்டம் எப்போது அளந்தது என்று கேளுங்கள். ஒரு பெரிய பகுதியை மொத்தமாக வண்ணம் தீட்டும்போது ஓரத்து மேட்டு நிலமும் அதற்குள் மாட்டிக்கொள்வது சகஜம். சர்வே எண் வாரியாக மட்ட அளவுகளை இணைத்துவிட்டால் அந்த ஓரங்களை மீட்க முடியும். உங்கள் வளாகத்துக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கலாம்.

குழுமத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நான் மேலே புகழ்ந்த இரட்டை நகரக் கவுன்சிலின் 17 உறுப்பினர்களையும் ஆளுநரே நியமிக்கிறார். அது எனக்கு உறுத்தல்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்தின் 'மெட்ரோ' என்ற பெருநகரக் கவுன்சிலை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தியாவில் 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. உங்கள் குழுமத்தில் உள்ளாட்சிகளுக்கு இடமே இல்லை என்றால், அதைத் தனி மனுவாகக் கொடுங்கள். இதே மனுவில் சேர்த்தால் வெள்ளப் பேச்சு அரசியல் பேச்சாகிவிடும்.

குழுமத்தையே கலைக்கச் சொல்லும் தீர்மானம் மட்டும் வேண்டாம். லண்டனில் பெருநகரக் கவுன்சிலை 1986-இல் கலைத்தார்கள். தீயணைப்பு போன்ற வேலைகளுக்கு உடனே கூட்டு அமைப்புகள் தேவைப்பட்டன. 2000-இல் மேயரோடு புதிய பெருநகர அமைப்பே திரும்பி வந்தது. அங்கே இப்போது சிறிய கட்டட விண்ணப்பங்களைப் பரோ எனப்படும் நகரப் பிரிவுகளின் மன்றங்களே முடிக்கின்றன. 150 வீடுகளைத் தொடும் திட்டம் போன்ற பெரியவை மட்டும் மேயரின் பார்வைக்குப் போகும். இப்படி ஓர் அளவு வரம்பு உங்கள் வரைவில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கலாம்.

ஆட்சேபணைக்கான கடைசித் தேதியைத் தாண்டி வரும் மனுவைப் பெரும்பாலும் படிக்க மாட்டார்கள். மன்றத் தீர்மானம் தாமதமாகும் என்று தெரிந்தால், மட்ட அளவுகளோடு உங்கள் பெயரிலேயே முதலில் ஒன்றைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.