குப்புறவா, மல்லாக்கவா? – ஒரு வாசகி கடிதம்

வணக்கம். எனக்கு இரண்டரை மாதக் குழந்தை. தூங்கும்போது மல்லாக்கத்தான் போடணும் என்கிறார் மருத்துவர். அவரே தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள் என்றும் சொல்கிறார். மாமியாரோ, குப்புறப் போட்டால்தான் பிள்ளை அயர்ந்து தூங்கும், மல்லாக்கப் போட்டால் கக்குகிற பால் புரையேறிவிடும் என்கிறார். போதாததற்கு, என் முதுகுவலிக்கு நான் பார்க்கும் யோகா வீடியோவில் பாதி ஆசனம் குப்புறப் படுத்துத்தான், ஆனால் அப்படித் தூங்காதே என்கிறார்கள். எதைத்தான் கேட்பது? அப்புறம், குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு நான் படுக்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மருத்துவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை. விழித்திருக்கும்போது குப்புற, தூங்கும்போது மல்லாக்க, அவ்வளவுதான். யோகா வீடியோக்காரரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. குப்புறப் போட்ட குழந்தை அயர்ந்துதான் தூங்கும், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மூக்கு மெத்தையில் அழுந்தி, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் நிலை வந்தால் குழந்தை விழித்து அழ வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில் அந்த விழிப்பு சட்டென்று வராது, தலை நிற்காத வயதில் திருப்பும் பலமும் கிடையாது. மாமியாரைக் குறை சொல்லவும் முடியாது, ஒரு காலத்தில் மேலை நாட்டு மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்னவர்கள்தான். 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அதை மாற்றியது, 1994இல் அங்கே பெரிய பிரசாரமே நடந்தது, அடுத்த பத்தாண்டுக்குள் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

புரையேறும் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதற்குக் கீழேயும் இருக்கும். கக்குகிற பால் மூச்சுக்குழலுக்குப் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். ஒருக்களித்துப் போடுவதும் வேண்டாம், கொஞ்சம் அசைந்தாலே குப்புறக் கவிழ்ந்துவிடும். தானாகவே இரண்டு பக்கமும் புரளத் தெரிந்த பிறகு, நீங்கள் மல்லாக்கப் போடுங்கள், அது எப்படிப் புரண்டாலும் விட்டுவிடலாம். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது கழுத்துக்கும் தோளுக்கும் அதன் முதல் உடற்பயிற்சி. பின்மண்டை தட்டையாகாமலும் பார்த்துக்கொள்ளும். இந்த வயதில் பார்க்க வேடிக்கையாக இருக்கும்: முகம் சிவக்க முக்கி, தலை ஓரங்குலம் எழும்பி, தள்ளாடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எச்சிலில் விரிப்பு நனைந்து, பிறகு வீல் என்று அழுகை. அழுதால் எடுத்துவிடுங்கள், அப்புறம் மறுபடி போடலாம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்று நிமிடமாகச் சேர்த்து, நாள் முழுக்க 15 முதல் 30 நிமிடம் வந்தால் இப்போதைக்குப் போதும். பால் குடித்த கையோடு மட்டும் வேண்டாம். கண் சொருக ஆரம்பித்தால் மல்லாக்கத் திருப்பிவிடுங்கள்.

இனி உங்கள் முதுகு. புஜங்காசனம், சலபாசனம் எல்லாம் சில மூச்சு நேரம்தான், முதுகுத் தசைகள் விழித்து வேலை செய்கின்றன. தூக்கத்தில் அதே குப்புற நிலை மணிக்கணக்கில் நீடிக்கிறது. மூச்சு விட கழுத்தை ஒரு பக்கம் முறுக்கியே வைத்திருக்க வேண்டும், வயிறு மெத்தையில் இறங்கி இடுப்பு வளைந்து கிடக்கும். ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் பாருங்கள். மல்லாந்து படுப்பதானால் முழங்காலுக்கு அடியில் வையுங்கள். குப்புறப் படுக்காமல் தூக்கமே வராது என்றால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லிசாக ஒன்று, தலைக்கு எதுவும் வேண்டாம். பிரசவமாகி இரண்டரை மாதம்தான் ஆகிறது, அறுவை சிகிச்சை என்றால் எந்த ஆசனத்துக்கும் முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வீடியோவுக்கு உங்கள் தையல் தெரியாது.

கடைசிக் கேள்விக்கு: தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், குப்புறப் போடும் கணக்கில் அதுவும் சேரும். ஆனால் உங்களுக்குத் தூக்கம் சொக்கினால் உடனே எடுத்து அதன் படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள், முக்கியமாக சோபாவில் சாய்ந்திருக்கும்போது. குழந்தை இடுக்கில் நழுவி முகம் புதைந்துவிடும், அயர்ந்த தூக்கத்தில் உங்களுக்கும் தெரியாது.