நாலு விரல் வெயில்

கேள்வி இதுதான்: கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் நாட்களில் உங்கள் வீட்டில் என்ன மாறும்? அப்போது வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்கள் என்னென்ன?

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், அங் மோ கியோவில், எட்டாவது மாடியில். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் டிகிரி சொச்சம்தான். பகலில் 31, 32, இரவில் 25. ஜூனிலும் அதே, டிசம்பரிலும் கிட்டத்தட்ட அதே. இங்கே கம்பளிச் சட்டை வாங்குகிறவர்கள் எல்லாம் ஆபீஸ் ஏர்கானுக்காகத்தான் வாங்குகிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த அத்தையிடம் (என் மாமியார்) கேள்வியை வாசித்துக் காட்டினேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஏன், நம்ம வீட்ல இல்லியா? மேடையில வெயில் விழுந்தா அதானே?" என்றார்.

சரி, அந்த மேடையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் சமையலறை ஜன்னல் நேர் தெற்கே பார்த்தது. ஜன்னலை ஒட்டியே சமையல் மேடை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை மதிய வெயில் அந்த மேடையைத் தொடவே தொடாது. வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. சூரியன் அந்த மாதங்களில் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாத உச்சிவேளையில் தலைக்கு நேரிலிருந்து 22 டிகிரி வடக்கே சாய்ந்துவிடும். செப்டம்பர் 20-ஐ ஒட்டி ஒரு நாள் சரியாகத் தலைக்கு மேலே வந்து, அப்புறம் தெற்குப் பக்கம் இறங்கத் தொடங்கும். அன்றிலிருந்து வெயில் எங்கள் ஜன்னலுக்குள் கால் வைக்கும்.

இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தைக்குப் படிப்பு தேவைப்படவில்லை, அவருக்குக் கை போதும். செப்டம்பர் கடைசியில் மேடை விளிம்பிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெயில் கோடு. அக்டோபர் நடுவில் ஒரு சாண். நவம்பர் நடுவில், வானம் வெளுத்திருந்தால், ஒரு முழம். டிசம்பரில் அதற்கும் மேலே போகும், ஆனால் அப்போது வெயிலைப் பார்க்க முடிகிற நாட்கள் குறைவு. மதியம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் ஈரக் கையை அந்த வெளிச்சத்தில் வைத்து அளந்துவிட்டுத்தான் படுக்கப் போவார். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து 1974-இல் கல்யாணமாகி வந்தவர். எத்தனை வீடு மாறினாலும் அடுப்படிக்கு எந்தப் பக்கத்து வெயில் என்றுதான் முதலில் பார்ப்பாராம்.

என் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். பாட்டி சொல்வதை அப்படியே நம்புகிற வயது தாண்டிவிட்டது. போன வருஷம் செப்டம்பர் 20 வாக்கில் கீழே பூப்பந்துத் திடலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், தன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் நிறுத்தினாள். பன்னிரண்டரைக்கு ஒரு பக்கமாக நிழல் இருந்தது. ஒரு மணி நெருங்க நெருங்க அது சுருங்கிச் சுருங்கிப் பாட்டிலுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. "நிழலைக் காணோம்மா!" என்று கத்தினாள். கோப்பிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தாத்தாவும் நின்று தன் நிழலைத் தேடினார். உச்சிவேளை பன்னிரண்டுக்கு வராமல் ஒரு மணிக்கு வருவதற்குக் காரணம் எங்கள் கடிகாரம். 1982 ஜனவரி முதல் தேதியில் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள்; அதற்கு முன்பே கொஞ்சம் முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குளிர் நாடுகளில் இந்த மாதங்களில் விடியல் பிந்திக்கொண்டே போகும். இங்கே முந்துகிறது. பிப்ரவரியில் ஏழேகாலுக்கு எழும் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் ஆறே முக்காலுக்கே வந்துவிடும். பகலின் நீளம் வருஷம் முழுக்கப் பத்து நிமிஷம்கூட மாறுவதில்லை, ஆனால் முழுப் பகலும் அரை மணி முன்னே பின்னே நகர்கிறது. ஏழரை மணிப் பள்ளிக்குப் பிள்ளையைக் கிளப்புகிற வீட்டில் இந்த அரை மணி பெரிய விஷயம். பிப்ரவரியில் இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறோம். அக்டோபர் கடைசியில் அதே நேரத்துக்குக் கிழக்கு வெளுத்திருக்கும், மைனாக்கள் சத்தம் போடும், பிள்ளை முகத்தில் ஒட்டியிருக்கும் பல்பொடி தெரியும்.

அடுத்து துணி. பழைய வீவக வீடுகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே குழாய் பதித்திருப்பார்கள். மூங்கில் கம்பில் துணியைக் கோத்து, கவ்வி மாட்டி, கம்பைத் தூக்கி அந்தக் குழாயில் செருக வேண்டும். ஈர ஜீன்ஸ் இரண்டு இருந்தால் தோள்பட்டை பெயர்ந்துவிடும். கோடை மாதங்களில் எங்கள் கம்புக்கு வெறும் காற்றுதான். துண்டு காய்ந்தாலும் ஒரு வாடை அடிக்கும். செப்டம்பர் கடைசியில் வெயில் வந்ததும் முதலில் தலையணை உறைகளைத்தான் போடுவேன். அன்று இரவு அந்த உறையில் முகத்தைப் புதைத்துப் படுத்தால் வருகிற வாசனையை என்னவென்று சொல்வது, இஸ்திரிப் பெட்டியும் ஊர் மொட்டைமாடியும் சேர்ந்த மாதிரி. எந்த நாட்டு இலையுதிர் காலத்துக்கும் அதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கம்புக்கு வெயில் வருகிற அதே சமயத்தில் மழையும் ஏறத் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. அது போதாதென்று விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று. நல்ல தூக்கத்தில் ஜன்னல் படபடவென்று அடிக்கும். எழுந்து ஓடுவதற்குள் முடிந்துவிடும். அப்படி ஒரு விடிகாலையில்தான் இரவே எடுக்க மறந்த கம்பிலிருந்து என் கணவரின் வேட்டி பறந்தது. பச்சைக் கரை வேட்டி. எதிரே ஒரு வாதாம் மரம், அதாவது ஊரில் நாட்டு வாதுமை என்போமே, அந்த மரம். நாலாவது மாடி உயரத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் இலை சிவந்து உதிர்கிற காட்சி வேண்டுமென்றால் அதன் அடியில்தான் போய் நிற்க வேண்டும். உள்ளங்கையை விடப் பெரிய இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, செம்பாகி, ரத்தச் சிவப்பாகி விழும். பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு முறை இப்படி. அதற்கு நாள்காட்டி எல்லாம் கிடையாது. அந்த வருஷம் தற்செயலாக அக்டோபரில் சிவந்தது. சிவப்புக்கு நடுவே வெள்ளை வேட்டி. மூன்று வாரம் கிடந்தது. மகள் தினமும் பள்ளிக்குப் போகும்போது, "குட் மார்னிங், அப்பா வேட்டி" என்பாள். கடைசியில் கிளை வெட்ட வந்தவர்கள் நீளக் கழியால் எடுத்துக் கொடுத்தார்கள். ஓரம் கிழிந்திருந்தது. அத்தை அதை இரண்டு முறை வெந்நீரில் அலசி மடித்து வைத்தார். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை.

எல்லா வருஷமும் வெயில் நல்லபடியாக வந்ததில்லை. 2015-இல் இதே நாட்களில்தான் சுமத்ரா காட்டுத் தீயின் புகைமூட்டம். செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிகளை எல்லாம் மூடினார்கள். ஜன்னலை அடைத்து இடுக்கில் ஈரத்துண்டு வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே துணி காயப் போட்டோம். கண்ணாடி வழியாக மேடையில் விழுந்த வெயில் செம்புக் கலரில் இருந்தது. அத்தை அளக்கவில்லை.

இனி சாப்பாட்டு விஷயம். இங்கே இலையுதிர் காலத்துக்கு ஒரு விழாவே உண்டு, ஆனால் அது சீனர்களுடையது. அவர்கள் நாட்காட்டியில் எட்டாம் மாதத்துப் பௌர்ணமி; 2024-இல் செப்டம்பர் 17, 2025-இல் அக்டோபர் 6. பிள்ளைகள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு புளோக்கைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எங்கள் பிள்ளைகளும்தான். முன்பெல்லாம் காகித லாந்தரில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இப்போது பேட்டரி போட்டுப் பாட்டுப் பாடுகிற பிளாஸ்டிக் லாந்தர், காது வலிக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பௌர்ணமி பெரும்பாலும் நம் புரட்டாசியில் வந்து விழும். எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி வருஷா வருஷம் மூன்கேக் கொண்டுவருவார். தாமரை விதை விழுது, நடுவே உப்பு முட்டையின் மஞ்சள் கரு, முழு நிலா மாதிரி. அத்தையோ புரட்டாசி முழுக்கச் சைவம், சனிக்கிழமையானால் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில். முதல் சில வருஷம் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆன்ட்டி முகம் வாடிப் போகும். இருவரும் பேசிக்கொள்வது பாசார் மலாயில், அதாவது கொச்சையான சந்தை மலாயில்; அதில் புரட்டாசியை எப்படி விளக்குவது? கடைசியில் எப்படியோ விளக்கிவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து அடுப்பில் சுடாத, வெள்ளை மாவுத் தோல் வைத்த வகை வருகிறது. உள்ளே பச்சைப்பயறு, முட்டை இல்லை. அத்தை ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்து, "நம்ம பூரணக் கொழுக்கட்டைதான். டப்பாதான் பெருசு" என்றார்.

டப்பா விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். நாலு கேக்குக்கு நகைப்பெட்டி மாதிரி ஒரு டப்பா. எங்கள் வீட்டு ஊசி நூல், பொத்தான், பழைய சாவி, மருந்துச் சீட்டு எல்லாமே மூன்கேக் டப்பாக்களில்தான் குடியிருக்கின்றன. பதிலுக்கு நவராத்திரி ஒன்பது நாளும் எங்களிடமிருந்து சுண்டல் போகும். ஆன்ட்டிக்குக் கொண்டைக்கடலை பிடிக்கும்; காராமணியை மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்.

போன வருஷம் மகனுக்கு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வு. அந்தத் தேர்வு உள்ள வீட்டில் ஆகஸ்ட் வாய்மொழித் தேர்விலிருந்து யாரும் சத்தமாகத் தும்முவதுகூட இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்தவன் பையை வாசலிலேயே போட்டான், கேரம் பலகையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தான். ஒன்பது மாதத் தூசி. அன்று மாலை மழை கொட்ட, விளக்கைப் போட்டுக்கொண்டு நாலு பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஆடினோம். சிவப்புக் காயை அவன் அப்பா ஏமாற்றி எடுத்தார் என்பது இன்னும் தீராத வழக்கு. எனக்கு அந்த மாதத்தின் சந்தோஷம் என்றால் அந்த மாலைதான்.

அந்த அக்டோபரில்தான் அத்தை மோர்மிளகாய் போட்டார். தேக்கா சந்தையில் வாங்கிய அரை கிலோ குண்டு மிளகாய். காம்பைக் கிள்ளாமல் ஒவ்வொன்றையும் நடுவில் கீறி, புளித்த மோரில் உப்புப் போட்டு ஊற வைத்தார். காலையில் எடுத்து எவர்சில்வர் தட்டில் பரப்பி அந்த ஒரு சாண் வெயிலில் வைப்பார். சாயங்காலம் திரும்ப மோருக்குள். ஊரில் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. இங்கே காற்றிலேயே தண்ணீர். நான்காம் நாள் மழை, ஐந்தாம் நாள் மேகம், ஆறாம் நாள் இரண்டில் பூஞ்சை. அத்தை அந்த இரண்டையும் எடுத்து எறிந்துவிட்டு, தட்டை அரை மணிக்கு ஒரு தடவை வெயில் நகர நகர நகர்த்தினார். மேற்கு ஓரத்தில் வைத்தால் நிழல் வந்துவிடும், கிழக்கே தள்ளு, மின்விசிறியைத் திருப்பு. வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் கூட்டத்துக்கு நடுவே நானும் எழுந்து போய்த் தட்டைத் தள்ளியிருக்கிறேன். ஈ மொய்க்காமல் மேலே மூடியது எது என்று நினைக்கிறீர்கள்? அந்த வேட்டிதான்.

பதினோராம் நாள் ஒரு மிளகாயைக் கையில் எடுத்து ஆட்டினார். உள்ளே விதை சலசலத்தது. "ஆச்சு" என்றார். மிளகாய் வெளுத்து, எலும்பு நிறத்தில், வளைந்து, மேலே உப்புப் பூத்திருந்தது. மூன்கேக் டப்பா ஒன்றைக் காலி செய்து அதில் நிரப்பினோம். நவம்பர் மழை மூன்று நாள் விடாமல் பெய்தபோது எண்ணெயில் போட்டுக் கறுக்க வறுத்துத் தயிர்சாதத்துக்கு வைத்தார். சமையலறை முழுக்கக் காரநெடி, எல்லோருக்கும் இருமல், எல்லோருக்கும் இரண்டாவது தட்டு.

அதில் ஒரு பிடி எதிர் வீட்டுக்கும் போனது, அவர்கள் டப்பாவிலேயே. ஆன்ட்டி அரிசிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டாராம். மறுநாள் வாசல் கம்பிக் கதவில் நின்று, எப்படிச் செய்வது என்று அத்தையிடம் விசாரித்தார். மோர் என்பதற்கு மலாயில் சொல் கிடைக்காமல் அத்தை உள்ளே வந்து தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் காட்டினார்.

போன வாரம் லிஃப்டில் பார்த்தோம். ஆன்ட்டி கையில் காய்கறிப் பை, அதில் ஒரு பொட்டலம் பச்சை மிளகாய். அத்தையைப் பார்த்ததும், "பானாஸ் சுடா டாத்தாங்?" என்றார், வெயில் வந்துவிட்டதா என்று. அத்தை ஒன்றும் பேசாமல் நாலு விரலை நீட்டிக் காட்டினார்.