காளான் ரூமுக்கு ரோபோ வண்டி வாங்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி வீட்டுல இரண்டாம் கட்டு சும்மா கெடக்குன்னு வாடகைக்கு எடுத்து சிப்பிக் காளான் போட்டிருக்கேன், 300 பெட் (வைக்கோல் அடைச்சு தொங்கவிடுற பை) இருக்கு. ஈரப்பதத்துக்கு டிஎச்டி11, கார்பன் டை ஆக்சைடுக்கு எம்எச்-இசட்19பி சென்சார், ரெண்டையும் வைஃபை உள்ள ஈஎஸ்பி32ங்கிற சின்ன கன்ட்ரோல் போர்டுல மாட்டி நெலப்படி பக்கத்து செவுத்துல வச்சிருக்கேன். போன்ல பாத்தா கார்பன் எப்பவும் 500, 600 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல எத்தன பங்குன்னு கணக்கு) காட்டுது, ஈரம் 80ஐ தாண்டுறதே இல்ல. ஆனா காம்பு மட்டும் நீளமா வளந்து தலை சட்டை பட்டன் சைசுல நிக்குது. சென்சாரோட ரூம் பூரா தானா சுத்தி வர்ற ரோபோ வண்டி 85,000 ரூபாய்க்கு தர்றேங்கிறாங்க, வாங்கலாமா?

பதில்: தம்பி, அட்வான்ஸ் இன்னும் குடுக்கலன்னா குடுக்காதீங்க. காம்பு நீண்டு தலை சிறுத்தா காத்து தேங்கி கார்பன் கூடிக் கெடக்குன்னு அர்த்தம், வெளிச்சம் பத்தலன்னாலும் இப்படி வரும், ஆனா நீங்க சொல்றத பாத்தா எனக்கு காத்து மேலதான் சந்தேகம். அப்ப 500னு காட்டுற சென்சார் தப்பா காட்டுது. அதே சென்சார வண்டியில ஏத்துனா அதே தப்பு ரூம் பூரா சுத்தி வரும், அவ்வளவுதான்.

ஏன் தப்பா காட்டுதுன்னா, எம்எச்-இசட்19பில தானா அளவு திருத்திக்கிற ஏபிசின்னு ஒரு வசதி இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நம்மள சுத்தி சுத்தமான வெளிக்காத்து வந்திருக்கும்னு அது நெனச்சுக்கிட்டு, 24 மணி நேரத்துல பாத்த கம்மியான அளவையே வெளிக்காத்தோட அளவான 400னு வச்சுக்கும். ஆபீசுக்கு அது சரி, ராத்திரி ஆள் இருக்காது. காளான் ரூம்ல பெட்டு ராத்திரியும் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும், வெளிக்காத்தே வராத ரூம்ல 1500 இருந்தாலும் அதையே 400னு பழகிக்கும். மொட்டு வர்ற நேரத்துல 1000 பிபிஎம்முக்கு கீழ இருக்கணும், வித்து பரவுறப்ப அதிகமா இருந்தாலும் தாங்கும்.

அதனால மொதல்ல புரோகிராம்ல ஏபிசிய ஆஃப் பண்ணுங்க. விடியக்காலைல ஆள் நடமாட்டம் இல்லாதப்ப போர்டோட தூக்கிட்டு போயி முத்தத்துலயோ கொல்லையிலயோ வைங்க, கிட்ட நின்னு மூச்சு விடாதீங்க, அரை மணி நேரம் கழிச்சு கார்பன் சென்சார்ல எச்டின்னு போட்டிருக்கிற பின்ன கிரவுண்ட் பின்னோட 7 செகண்டுக்கு மேல சேத்து புடிச்சா புதுசா அளவு எடுத்துக்கும். அப்புறம் உள்ள கொண்டு போயி செவுத்துல மாட்டாதீங்க, பெட்டு தொங்குற உறி வரிசைக்கு நடுவுல, கீழ் பெட்டு உயரத்துல கட்டுங்க. நெலப்படி பக்கத்துல வச்சா கதவ தொறக்கிறப்ப வர்ற காத்தத்தான் அது அளக்கும். இப்ப நம்பர் முன்னவிட கூடத்தான் வரும், பாத்து பயந்துறாதீங்க.

ஈரத்துக்கு வருவோம். டிஎச்டி11 80க்கு மேல நம்பிக்கையா அளக்காது, உங்களுக்கோ 80லேருந்து 90 வரைக்கும்தான் வேலையே. அதுக்கு பதிலா எஸ்எச்டி31ங்கிற ஈரப்பத சென்சார் வாங்கி மாத்துங்க. அது சரியா இருக்கான்னு பாக்க, ஒரு மூடியில பொடி உப்பு போட்டு சொட்டு சொட்டா தண்ணி விட்டு ஈர மணல் பதத்துக்கு கொண்டு வாங்க, அத டப்பாவுக்குள்ள வச்சு சென்சார் உப்புல படாம மேல தொங்கவிட்டு இறுக்கி மூடிருங்க, ராத்திரி வச்சா காலைல 75 காட்டணும். கல்லுப்பு வேணாம், அதுல மெக்னீசியம் கலந்திருக்கும், அளவு கீழ போயிரும். எப்பவும் ஈரத்துலயே கெடக்குற சென்சார் நாளாக நாளாக கூட்டிக் காட்டும், அதனால மாசம் ஒரு தடவ இத பண்ணிப் பாருங்க.

இனி வண்டி விஷயம். ஒரு ரூம்லயே மூலைக்கு மூலை காத்து வேறங்கிறது நெசம், அந்த யோசனைய நான் குறை சொல்லல. ஆனா இந்த சென்சாருக்கு புது எடத்துல நம்பர் நிலைக்கவே 2 நிமிஷம் ஆகும், வண்டி நிக்காம ஓடுனா முந்தின எடத்து கணக்கத்தான் இந்த எடத்துக்கு எழுதும். தரை எப்பவும் ஈரம், வைக்கோல் துணுக்கு வேற, சக்கரம் வழுக்கும். அதவிட எனக்கு பயம் பச்சை பூசணம்தான், ஒரு பெட்டுல வந்துட்டா அது பக்கத்துல போயிட்டு வர்ற சக்கரமே மத்த வரிசைக்கும் கொண்டு போயி விட்டுரும். 300 பெட்டுக்கு நாலு சென்சார நாலு எடத்துல கட்டுனாலே போதும். செட்டிநாட்டு செவுரு கனம் தெரியும்ல, வைஃபை ரெண்டு செவுரு தாண்டாது, ரவுட்டர அதே கட்டுக்குள்ள வைங்க.

சென்சார் எங்க கட்டணும்னு தெரிய ஒரு ஊதுபத்தி போதும். ஃபேன போட்டுட்டு பத்திய கையில புடிச்சு ஒவ்வொரு வரிசையா மெதுவா நடங்க. போன வருஷம் தேவகோட்டை பக்கம் ஒரு ஷெட்ல இப்படித்தான் நடந்தேன், வாசல் பக்கம் பொக சாஞ்சு ஓடிச்சு, கடைசி மூலைல நூல் மாதிரி நேரா மேல ஏறுச்சு, காம்பு நீண்ட காளான் பூரா அந்த மூலைலதான் இருந்துச்சு. பொக அசையாத எடத்துல கட்டாயம் ஒரு சென்சார் கட்டுங்க.

எக்சாஸ்ட் ஃபேன கொல்லைப் பக்கமா வைங்க, வளவு முத்தத்துக்கு விடாதீங்க. காளான் வித்துத் தூள் பறந்து ஆச்சிக்கு இருமல் வந்துரும், நீங்களும் பறிக்கிறப்ப மாஸ்க் போடுங்க. மணிக்கு 10 நிமிஷம்னு டைமர் வச்சு ஆரம்பிச்சு கார்பன் அளவ பாத்து கூட்டிக் கொறச்சுக்கோங்க. ஃபேன் ஓடுனா ஈரம் எறங்கும், அதனால ஃபேன் நின்ன பொறகு ஃபாகர் (பனி மாதிரி தண்ணி தூவுற கருவி) ஓடுற மாதிரி வைங்க.

நீங்க கேக்கலன்னாலும் ஒண்ணு சொல்லணும். அந்த சுண்ணாம்புப் பூச்சு, பர்மா தேக்கு உத்தரம் எல்லாம் நாள் பூரா 85 ஈரத்த தாங்காது, பூச்சு பேந்துரும், மரத்துல பூசணம் புடிக்கும். செவுத்துலேருந்து ஒரு முழம் தள்ளி பாலித்தீன் ஷீட்ல கூடாரம் மாதிரி கட்டி அதுக்குள்ள பெட்ட தொங்கவிடுங்க, ஃபேன் குழாய் அதுக்குள்ளேருந்தே கொல்லைக்கு போகட்டும். அந்த மாதிரி வீட்ட இன்னிக்கு எவ்வளவு காசு குடுத்தாலும் திருப்பிக் கட்ட முடியாது தம்பி.

சித்திரை வெயில்ல 38, 40 வந்துட்டா எந்த சென்சாரும் சிப்பிய காப்பாத்தாது, அந்த ரெண்டு மூணு மாசம் 30லேருந்து 35 டிகிரி கேக்குற பால் காளானுக்கு மாறிக்கோங்க, வித்துக்கு குன்றக்குடி கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையம்) விசாரிங்க. இப்போதைக்கு அளவு திருத்தி மூணு நாள் வர்ற கார்பன் நம்பர நேரம் போட்டு நோட்டுல எழுதி, அடுத்த பறிப்புல வர்ற காளான் பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க, ஃபேன் எத்தன இஞ்சு போடணும்னு அத பாத்துட்டு சொல்றேன்.