மூன்று மேசை மீது பழி

கேள்வி: எங்கள் கிண்டி அலுவலகத் தொலைபேசிப் பதிவில் ஒரே வாடிக்கையாளர், ஒரே நிமிடம், நான்கு வரிகள்; மூன்றில் ‘எடுக்கவில்லை’. மேலாளர் எங்கள்மீது பாய்கிறார். நியாயமா, ஐயா?
– ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: அநியாயம், அம்மா! குழு எண்ணுக்கு அழைப்பு வந்தால் நான்கு மேசைகளிலும் மணி அடிக்கும். ஒருவர் எடுத்ததும் மற்றவை ஓய்ந்துவிடும். ஆஸ்டெரிஸ்க் போன்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருளோ மேசைக்கு ஒரு வரி எழுதிவிடும். அந்த வரிகளில் ‘லிங்க்டு ஐடி’ (தொடர்புள்ள வரிகளை இணைக்கும் அடையாள எண்) ஒன்றாக இருந்தால் அழைப்பும் ஒன்றுதான். அதன்படி தொகுத்து எண்ணச் சொல்லுங்கள்.

மேலாளர் பாய வேண்டிய இடம் வேறு. ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்று பதிவுக்குரல் பேசத் தொடங்கினாலே ‘எடுக்கப்பட்டது’ என்று பதிவாகிவிடும். அலுத்துப்போய் வைத்தவரும் அதில் அடக்கம். (நானே பலமுறை அப்படி வைத்திருக்கிறேன்.) ஏதாவதொரு மேசை எடுத்த வரி இருக்கிறதா என்று அவரையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.