கணினியில் சிலை செதுக்கும் ஸ்கல்ப்டிங் மென்பொருளில் இறகும் முடியும் நிஜம்போல் வர எந்த பிரஷ் தொகுப்பை வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். இந்த மாதமாவது வாங்காதீர்கள்.

இவ்வளவு வேகமாகப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, 2,100 ரூபாய் கொடுத்து, 120 இறகு பிரஷ்கள் (ஒரே இழுப்பில் இறகைப் பதிக்கும் கருவிகள்) அடங்கிய தொகுப்பு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது சேவல் இறகு. வந்து சேர்ந்த நூற்றிருபதும் கழுகு இறகு. அதை விற்றவரைக் குறை சொல்ல முடியாது; முகப்புப் படத்திலேயே கழுகுதான் இருந்தது. நான்தான் ‘இறகு இறகுதானே’ என்று நினைத்தேன்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்கிறேன். உடம்பு நன்றாக வந்துவிட்டது. மூக்கு, கண், கால் நகம்வரை பிரமாதம். இறகு வைக்க ஆரம்பித்ததும் பறவை அன்னாசிப் பழமாக மாறிவிட்டது. மனித உருவம் என்றால் தலையில் இடியாப்பம் பிழிந்ததுபோல் முடி. மடிக்கணினியின் விசிறி மாவு மில்போல் இரைகிறது. சரியா?

முதலிலேயே ஒன்று. நான் திரைப்பட நிறுவனங்களில் வேலை பார்த்தவன் இல்லை. ‘படத்துக்கு மாயா மென்பொருளில் முடி வளர்க்கும் எக்ஸ்ஜென்தான், வீடியோ விளையாட்டுக்கு முடியின் படம் ஒட்டிய மெல்லிய அட்டைகள்தான்’ என்று கீழே எழுத வருகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். அவை சரிதான், மறுக்கவில்லை. நான் செய்வது கையில் பிடிக்கிற பொருள்கள்: அச்சுக்கான மூலவடிவம், பரிசுக் கேடயத்தில் வைக்கும் உருவம், சில சமயம் மார்பளவுச் சிலை. மதுரையில் வீட்டு மாடியறையில் ஒரு கணினியும், திரவப் பிசினை அடுக்கடுக்காக உறையவைத்துப் பொருளாக்கும் ஒரு ரெசின் பிரின்டரும் வைத்து நடத்துகிற தொழில்.

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி கொலு பொம்மைக்குப் பெயர்போன ஊர் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அங்கே பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் முருகன் செட்டுக்காக ஒரு சேவல் கேட்டார். அவரே களிமண்ணில் செய்யக்கூடியவர்தான். ஆனால் ஒரே சேவல் மூன்று அளவுகளில் வேண்டும். மண்ணில் மூன்று முறை செய்தால் மூன்றும் வேறு வேறு சேவலாகிவிடும். கணினியில் ஒன்று செய்தால் அளவை மாற்றி அச்சடித்துக்கொள்ளலாம். பெரியது 15 சென்டிமீட்டர். நான் பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன், அவர் அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்துக் காகிதக்கூழில் வார்ப்பார்.

கழுகு இறகுகள் கைவிட்ட பிறகு, இசட்பிரஷ் என்ற செதுக்கும் மென்பொருளில், இழை இழையாக முடி முளைக்கவைக்கும் ஃபைபர்மெஷ் போட்டேன். கழுத்திலும் வாலிலும் மட்டும் நாற்பதாயிரம் இழைகள். பத்து நாள் சீவினேன். திரையில் பார்க்க அள்ளிக்கொண்டு போயிற்று. படத்தைப் பகிர்ந்தேன், முந்நூறு பேர் விரும்பினார்கள். அதில் ஒருவருக்குக்கூட அது சேவல் இல்லை என்று தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிரின்டருக்கு அனுப்பும்போதுதான் சனி பிடித்தது. ஃபைபர்மெஷ் இழை திரைக்கானது. பொருளாக நிற்கிற தடிமன் அதற்குக் கிடையாது. தடிமன் ஏற்றினேன், தனித்தனித் துண்டுகளை ஒன்றாக்கும் டைனாமெஷ் போட்டு உடம்போடு சேர்த்தேன். என் பிரின்டரின் ஒரு புள்ளி 0.05 மில்லிமீட்டர். அதைவிட நெருக்கமாக ஓடிய இழைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, துவைத்துப் பிழியாத துண்டுபோல் வெளியே வந்தன. சரி, வண்ணம் பூசினால் மறைந்துவிடும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்காம் நாள் அண்ணன் போன் செய்தார். மேலெழும்பி நின்ற ஒவ்வோர் இறகின் அடியிலும் பிளாஸ்டர் புகுந்து கவ்விக்கொண்டுவிட்டது. அச்சைப் பிரித்தபோது வால் அச்சோடு போய்விட்டது.

“தம்பி, இது சேவலா, மழையில் நனைந்த துடைப்பமா?”

அச்சு கெட்டுப்போனதற்கு 600 ரூபாய் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். கழித்தும்கொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ‘துடைப்பம்’தான் இரண்டு வாரம் தூங்கவிடவில்லை.

அடுத்து எழுதப்போவதைச் சைவ நண்பர்கள் தாண்டிச் செல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடைக்குப் போய் ஒரு நாட்டுச் சேவலைத் தேர்ந்தெடுத்து, தோலை உரிக்க வேண்டாம், வெந்நீரில் முக்க வேண்டாம், தீயில் வாட்டவும் வேண்டாம், இறகை மட்டும் பிடுங்கிக் கொடுங்கள், இறகுகளையும் தனியாகக் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மருந்துக்கா தம்பி?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொம்மைக்கு என்று சொல்லி யார் விளக்கிக்கொண்டிருப்பது? வீட்டுக்கு வந்து, தோலைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்து அளவெடுத்து முடிக்கும்வரை அம்மா குழம்புச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வாசற்படியில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தோலை நீங்களும் பார்க்க வேண்டும். இறகு முளைத்த இடங்கள் சிறு புள்ளிகளாக, நாற்று நட்டதுபோல் வரிசையாக ஓடுகின்றன. வரிசைகள் சேர்ந்து பட்டைகளாகின்றன: முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, மார்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. பட்டைகளுக்கு நடுவே ஏறக்குறைய வெறும் தோல். இறகு உடம்பெல்லாம் முளைப்பதில்லை. முளைத்த இடத்திலிருந்து சாய்ந்து, முளைக்காத இடத்தை மூடிக்கொள்கிறது. நாம் மாஸ்க் போட்டு, அதாவது இடத்தைத் திரையில் பூசிக் குறித்து, உடம்பு முழுக்கச் சம இடைவெளியில் தூவினால் அன்னாசிப் பழம் வராமல் வேறென்ன வரும்?

கட்டிக் கொடுத்த இறகுகளைத் தரையில் பரப்பி வைத்தால் இன்னொன்றும் தெரியும். சேவலின் கழுத்திறகு நீண்டு கூராக, ஈட்டி முனைபோல் முடியும். கோழிக்கு அதே இடத்தில் உருண்டு முடியும். மார்பிறகு அகலக் குட்டை. வாலில் வளைந்து தொங்குகிறதே, அந்த அரிவாள் இறகுகள் உண்மையான வாலை மூடிக்கொண்டிருக்கும் போர்வைதான். நிஜ வால் விறைப்பாக உள்ளே நிற்கிறது. இறக்கையின் நுனிப் பகுதியில் பெரிய இறகுகள் பத்து. அவற்றில் நடு ஈர்க்கு நடுவில் ஓடாது. காற்றைக் கிழிக்கும் முன்பக்கம் ஒடுங்கியும் பின்பக்கம் அகன்றும் இருக்கும். நான் ஈர்க்கை நட்டநடுவில், அரச மரத்து இலை நரம்புபோல் போட்டு வைத்திருந்தேன். அதைவிடப் பெரிய அபத்தம், சேவல் இறக்கையை மடக்கும்போது அந்தப் பத்தும் உள்ளிறகுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். நான் அவற்றை வெளியே விசிறிபோல் அடுக்கி, ஒவ்வொன்றாக இழைத்திருந்தேன். இரண்டு நாள் வேலை, அத்தனையும் கண்ணுக்கே தெரியக் கூடாத இறகுகள்!

ஓர் இறகைக் கையில் எடுத்து நுனியிலிருந்து அடிநோக்கி உருவுங்கள். ஓரம் பிளந்து பிரியும். மறுபடி அடியிலிருந்து நுனிக்கு நீவினால் ஒட்டிக்கொள்ளும். கிளை இழைகளில் இருக்கும் நுண்ணிய கொக்கிகள் பையின் ஜிப்போல ஒன்றையொன்று பிடிப்பதால் அப்படி. அந்தப் பிளவுதான் இறகை இலையிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆனால் எல்லா இறகிலும் பிளவு போட்டால் சண்டையில் தோற்ற சேவலாகிவிடும். நான் ஐந்தில் ஒன்றுக்குப் போடுகிறேன், அதுவும் இரண்டு பிளவுக்கு மேல் இல்லை. அடிப்பகுதியில் கொக்கி இல்லாத பஞ்சு இருக்கும். மேல்வரிசை மூடிவிடும் என்பதால் அதைச் செதுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது சேவலை இப்படிச் செய்தேன். முதலில் இறகே இல்லாமல், பட்டைகளை மட்டும் கனமான தகடுகளாக உடம்பின்மேல் வைத்தேன். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் சேவல் என்று தெரிகிறவரை அதையே மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு நான்கே நான்கு மூல இறகுகள்: கழுத்து, மார்பு, இறக்கை, வால். சமதளத்தில் மாஸ்க் வரைந்து, பிரித்தெடுத்து, லேசாகக் குவித்து, ஈர்க்குக்கு, கூரிய கோடு கீறும் டேம் ஸ்டாண்டர்ட் பிரஷ்ஷால் இருபுறமும் ஒரு கீறல். இவற்றை, செய்து வைத்த வடிவத்தை வேண்டிய இடத்தில் செருகும் இன்செர்ட் பிரஷ்ஷாக மாற்றிக்கொண்டேன். அடுக்கும் வேலை வாலிலிருந்து தொடங்கித் தலைநோக்கி ஏறியது. நாட்டு ஓடு வேய்கிறவர் இறவாரத்திலிருந்து மோட்டுக்கு ஏறுவாரே, அதே கணக்கு. மேல் ஓடு கீழ் ஓட்டை மூட வேண்டும். தலையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசைக்கு அடியில் செருக வேண்டியிருக்கும், கழுத்து வலிதான் மிச்சம். ஒவ்வோர் இறகையும் வைத்தபின், வடிவத்தை நகர்த்தும் மூவ் பிரஷ்ஷால் ஒரு தட்டு, கொஞ்சம் திருப்பல். இறகுக்கு நாலாயிரம் பாலிகன் (உருவத்தை ஆக்கும் சிறு முகங்கள்), முந்நூறு இறகு, மொத்தம் 12 லட்சம். எட்டு வருடப் பழைய கணினியும் தாங்கும்.

பிறகு அச்சுக்காக, எழும்பி நின்ற நுனிகளையெல்லாம் உடம்போடு படியவைத்தேன். இறகுக்கும் இறகுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் படி, அவ்வளவுதான். நிழல் விழுவதற்கு அது போதும். அச்சு கழன்று வந்தது. அண்ணன் பாராட்டவெல்லாம் இல்லை, “மயில் எப்போது தருவாய்?” என்று கேட்டார்.

மயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விரியும் அந்தத் தோகை மயிலின் வால் இல்லை. வாலுக்கு மேல் முளைக்கும் போர்வை இறகுகள்தான் அவ்வளவு நீளம் வளர்கின்றன. நிஜ வால் அதற்குப் பின்னால் குட்டையாக நின்று முட்டுக்கொடுக்கிறது. நீல நிறமும் சாயம் இல்லை, இழைக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்கில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வருவது. அதனால் தட்டையாக நீலம் பூசினால் ஒருநாளும் மயிலாகாது.

மயிலை அருகில் பார்க்க அழகர்கோவில் பக்கம் பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நான் கேமராவோடு ஆசை ஆசையாக நிற்கிறேன், அவர் தகர டப்பாவைத் தட்டி விரட்டுகிறார். விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்றுவிடுகின்றன. 1963இல் தேசியப் பறவை ஆக்கியாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்தாயிற்று. வைக்கட்டும், யாரும் கொல்லச் சொல்லவில்லை. ஆனால் கடலை போனதற்கு மனு எழுதி அலைந்தால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. தோகை விரித்த படத்தைக் காலை வணக்கத்தோடு குடும்பக் குழுவில் அனுப்புகிறவர்கள் பெரியப்பாவுக்கு ஒரு படி கடலை வாங்கிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். விடுகிறேன்.

முடிக்கு வருவோம். இங்கேயும் பிரஷ் அல்ல, சுழி. ஜல்லிக்கட்டு மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பதை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராசி பலன் அவர்கள் பாடு. சிற்பிக்குத் தெரிய வேண்டியது, முடி அந்தச் சுழியிலிருந்து கிளம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே இன்னோர் ஓட்டத்தை முட்டுகிறது என்பது. மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள். ஒன்றின் தடிமன் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பதினைந்து சென்டிமீட்டர் பொம்மையில் அதைச் செதுக்கப் போகிறீர்களா? மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து யாளிகளின் பிடரியைப் போய்ப் பாருங்கள். இழை இழையாகக் கீறாமல், கற்றைகளையும் சுருள்களையும் வைத்தே பிடரி என்று நம்பவைத்திருக்கிறார்கள். நானும் ஸ்நேக் ஹூக் என்ற இழுக்கும் பிரஷ்ஷில் பெரிய கற்றைகளை இழுத்து, அவற்றை இரண்டு மூன்றாகப் பிளந்து, கடைசியில் சில இடங்களில் மட்டும் மெல்லிய கோடு போடுகிறேன். எல்லா இடத்திலும் கோடு போட்டால் மறுபடி இடியாப்பம்.

போன வருடம் ஒரு குடும்பத்தினர் மறைந்த தங்கள் தாயாரின் மார்பளவு உருவம் கேட்டார்கள். முடியை அடர்த்தியாக, அலை அலையாகச் செய்து, பெருமையோடு காட்டினேன். மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு இவ்வளவு முடி ஏது?” என்றார். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வகிடு ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து தோல் தெரிந்தது. காதோரம் எண்ணெய் படிந்து ஒட்டியிருந்தது. பின்னால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கொண்டை. செய்ததில் முக்கால்வாசி முடியை அழித்து வகிட்டை அகலமாக்கினேன். முகத்தை நான் தொடவே இல்லை. அடுத்த முறை பார்த்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

‘படமாகத்தான் வேண்டும், பொருளாக வேண்டாம்’ என்றால் உங்கள் வழி வேறு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம், 2022இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து முடியைக் கோடுகளாக நட்டுச் சீப்பால் சீவுகிற வசதி இருக்கிறது. அங்கே இழை இழையாக விடலாம். அங்கேயும் முதலில் சுழியையும் வகிட்டையும் குறித்துக்கொண்டு, சில நூறு வழிகாட்டி முடிகளை மட்டும் சீவி, மற்றவற்றை அவற்றோடு கற்றையாகச் சேரவிடுங்கள்.

என்னிடமிருக்கும் 120 கழுகு இறகுகளையும் கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். உரிமம் என் பெயரில் இருக்கிறது, கொடுக்க முடியாது. மூன்று வருடமாகக் கழுகு கேட்டு ஒருவரும் வரவில்லை.